சக்களத்தியின் துடிப்பு

சுடர்க்கொடியின் சக்களத்தி ஒரு கண்ணாடித் தகட்டில் குடியிருந்தாள்.

தகடு பெரியதொன்றும் இல்லை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதை இட்லி குக்கர் அளவிலான ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து, உடம்புச் சூட்டிலேயே காத்து, கூடத்து அலமாரியின் நடுத்தட்டில் அமர்த்தியிருந்தார்கள். பெட்டியின் மேல் இருக்கும் பூதக்கண்ணாடி வில்லையில் கண்ணை வைத்தால் மெல்லிய சதைப் படலம் ஒன்று சுருங்கி விரிவது தெரியும். கண்ணை வைக்காவிட்டாலும் அது விடாது. முன்பக்கம் ஒரு சின்ன விளக்கு, துடிப்புக்கு ஒரு தரம் மினுக்கென்று எரிந்து அணையும். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, கணவனோடு சண்டை போடும்போதுகூட அந்த மினுக்கல் அவள் ஓரக்கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பெட்டியின் நெற்றியில் பெயர் ஒட்டியிருந்தது: அமுதவல்லி.

அமுதவல்லி, பரிதியின் முதல் மனைவி. இறந்து பத்து வருடத்துக்குப் பக்கம் ஆகிறது. இறந்தும் என்ன? கூடத்தில் அவளுக்குத்தான் நடுத்தட்டு. சுடரின் புத்தகங்கள் கீழ்த்தட்டில், செருப்பு பாலிஷுக்குப் பக்கத்தில் கிடந்தன.

அப்போது திருச்சியில் துடிப்பு வைத்திருக்காத தெருவே குறைவு. இறந்தவரின் தோலில் நகக்கண் அளவு கிள்ளி எடுப்பார்கள். அந்தச் செல்களைக் கருவில் இருந்த பச்சைப் பருவத்துக்குத் திரும்பக் கூட்டிப்போய், அங்கிருந்து இதயத் தசையாக வளர்ப்பார்கள். வளர்ந்ததும் யாரும் சொல்லாமலேயே அது துடிக்கத் தொடங்கும். மருந்துகளைச் சோதித்துப் பார்க்கக் கண்டுபிடித்த வித்தை இது. எந்த மகராசியோ, "சோதிச்சது போதும், என் வீட்டுக்காரரோடதை எங்கிட்ட குடுங்க" என்று ஆய்வகத்து வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அதோடு ஊர் பற்றிக்கொண்டது. வீட்டையும் நகையையும் சுமுகமாகப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் அம்மாவின் பெட்டிக்காகக் கோர்ட்டுக்குப் போனார்கள். திதி கொடுக்கப் போன சாஸ்திரிகள் அலமாரியில் விளக்கு மினுக்குவதைப் பார்த்துவிட்டு, "துடிச்சிண்டிருக்கறவருக்கு எப்படி ஓய் பிண்டம் வைக்கறது?" என்று செருப்பை மாட்டினார்.

ஆரம்பத்தில் இது வசதியானவர்கள் சமாச்சாரமாகத்தான் இருந்தது. துடிப்புக்குத் தீனியான வளர்ச்சிப் புரதங்களை வாங்கிக் கட்டாது. இதைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தவன் பரிதி. பயிர் மரபியல் படித்தவன். மனித உடம்பின் வளர்ச்சிப் புரதங்களுக்கான மரபணுக்களை நெல்லுக்குள் புகுத்தி, அரிசியிலேயே அவை விளையும்படி செய்துவிட்டான். அந்த அரிசியை அரைத்து வடித்த வெள்ளைத் தண்ணீருக்கு ஆய்வகத்தில் ஒரு முழ நீளத்துக்குப் பெயர் உண்டு. ஜனங்கள் கஞ்சி என்றார்கள். வல்லியின் துடிப்புக்காகத்தான் அவன் இதில் இறங்கினான் என்பது, துடிப்புகளை வளர்த்துக் கொடுக்கும் அவன் நிறுவனத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்திக்காக ஒரு நெல்லையே பிறக்கவைத்தவன் அவன். சுடரின் பிறந்தநாளுக்கு மிக்ஸி வாங்கிக் கொடுத்தான்.

நெல்லைக்கூடச் சுடர் பொறுத்துக்கொண்டிருப்பாள். குரலைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

தினம் காலையில் பரிதி எழுந்ததும் காபி கேட்க மாட்டான். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு நேராக அலமாரியிடம் போவான். ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் கஞ்சி மாற்ற வேண்டும், ஆனால் பேச்சு தினமும் உண்டு. "எழுந்தாச்சாம்மா? சாப்பிடலாமா? நேத்து ராத்திரி நல்ல மழை, கேட்டுச்சா?" என்பான். சத்தம் என்று சொல்ல முடியாத ஒரு சத்தம், தூங்குகிற குழந்தையின் போர்வையைச் சரிசெய்கிறவன் பேசுவதுபோல. படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு சுடர் அதைக் கேட்பாள். கேட்கக் கூடாது என்று தலையணையால் காதைப் பொத்துவாள், பிறகு தலையணையைக் கொஞ்சம் விலக்கியும் கொள்வாள். பத்து நிமிடத்தில் அவன் அறைக்குள் எட்டிப் பார்த்து வேறு குரலில் கேட்பான்: "சுடர், மோட்டார் போட்டியா?"

பொறாமைதான், வேறு பெயர் இல்லை. உயிரோடு இருக்கும் ஒருத்தி என்றால் தலைமுடியைப் பிடித்து இழுக்கலாம், ஊரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். ஒரு துணுக்குச் சதையோடு என்ன வழக்கு பேச? வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அதிலும் இவள் தொழில் அப்படி. அதே நிறுவனத்தில் இவள் உடல்நல உளவியல் பிரிவு. துடிப்பு வைத்திருக்கும் வீடுகளுக்குப் போய், அவர்கள் தூங்குகிறார்களா, சாப்பிடுகிறார்களா, துக்கம் ஆறுகிறதா என்று விசாரித்து எழுதுவதுதான் வேலை. உறையூரில் ஒரு தாயார், இறந்துபோன மகனின் பெட்டியைத் தன் அறையில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

"மருமகளுக்கும் பார்க்கணும்னு இருக்கும்லம்மா?" என்று சுடர் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை காட்டுறேனே. பத்து மாசம் சொமந்தது நானா, அவளா?"

விடைபெற்று வெளியே வந்தபோது அந்த மருமகள் வாசல் கேட்டருகே வந்து, "மேடம், இதையெல்லாம் நிறுத்தணும்னு எழுதிடுங்களேன்" என்றாள். சுடருக்கு அவளை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

எழுதத்தான் செய்தாள். பெட்டி இருக்கும் வீடுகளில் ரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறது, தூக்கம் வருகிறது. ஆனால் இருக்கிறவர்களோடு பேச்சு குறைந்துவிடுகிறது. பேச வேண்டியதையெல்லாம் பெட்டியிடமே பேசி முடித்துவிடுகிறார்கள். ஆகவே எந்தத் துடிப்பையும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வீட்டில் வைத்திருக்க அனுமதிக்கக் கூடாது. அறிக்கையில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியைத் தட்டும்போதும் அவள் மனசில் கூடத்து அலமாரிதான் நின்றது.

செல் ஆய்வகத்தின் தலைவி ஜெனோவா அதைப் படித்துவிட்டுச் சொன்னாள். "கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு சுடர். ஆனா வரிக்கு வரி வயித்தெரிச்சல் வாடை அடிக்குதே!"

"அடிச்சா அடிக்கட்டும்க்கா. வாடைக்காக உண்மை பொய்யாயிடுமா?"

ஜெனோவா சிரித்தாள். நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவள், இவர்கள் இருவருக்கும் சிநேகிதி. கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

அந்தக் கல்யாணம் நடந்ததே ஒரு வினோதம். சுடர் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் பரிதி அவளை நிமிர்ந்து பார்த்ததில்லை. படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிடுவான், அவ்வளவுதான். ஒருநாள் மத்தியானம், கொட்டுகிற மழையில், தலை சொட்டச் சொட்ட அவள் அறை வாசலில் வந்து நின்றான். காணாமல்போன பொருளைக் கண்டுபிடித்தவன்போல அவளையே பார்த்தான். "தப்பா நினைக்காதீங்க. உங்க நாடியை ஒருதரம் பார்க்கலாமா?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கையை நீட்டினாள். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி வெகுநேரம் நின்றான். இப்படிக்கூட ஒருவன் பெண் கேட்பானா என்று சிநேகிதிகளிடம் அவள் எத்தனையோ முறை பீற்றிக்கொண்டிருக்கிறாள். அந்த ஒரு மத்தியானத்தை வைத்துக்கொண்டுதான் நான்கு வருடமாகக் குடித்தனம் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில் ஒரு புதுச் சட்டம் வந்தது. வேறு ஊரில் ஒரு குடும்பம், தாத்தா என்று நினைத்து அடுத்த தெரு ரேஷன் கடைக்காரரின் துடிப்புக்கு வருடக்கணக்காகச் சூடம் காட்டிக்கொண்டிருந்தது வெளியில் வந்து, பெரிய ரகளையாகிவிட்டது. இனி எல்லாத் துடிப்புகளும் அடையாளச் சோதனைக்கு வர வேண்டும் என்று உத்தரவு.

பரிதி லால்குடிப் பண்ணைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கஞ்சி நெல் அறுப்பு. மனித மரபணு உள்ள நெல் என்பதால் ஒரு மணிகூட வெளியே போகக் கூடாது, முடியும் வரை அவன் அங்கேயே தங்க வேண்டும்.

"நாளைக்குக் கஞ்சி மாத்தணும் சுடர்," என்றான். "பழைய கஞ்சியில உதிர்ந்த செல் கொஞ்சம் கிடக்கும். இந்தக் குப்பியில பிடிச்சு ஜெனோவாகிட்ட குடுத்துடு. சோதனைக்கு அது போதும்."

"நானா? இத்தனை வருஷத்துல அதுமேல தூசி தட்டக்கூட விட்டதில்லையே?"

"நீதான் குடுக்கணும்."

"ஏன், உங்க ஆய்வகத்துப் பசங்க யாரும் இல்லையா?"

அவன் பையின் ஜிப்பை இழுத்தான், திறந்தான், மறுபடி இழுத்தான். எதையோ சொல்லப் போகிறவன்போல அவளைப் பார்த்தான். கடைசியில், "கையைக் கழுவிட்டுத் தொடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் கையைக் கழுவிக்கொண்டுதான் தொட்டாள். குப்பியில் கொஞ்சம் பிடித்தாள். புதுக் கஞ்சி ஃபிரிட்ஜில் தயாராக இருந்தது. எடுத்து, சூடேற்றி, ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஃபிரிட்ஜின் கதவைத் திறந்தாள். தயிரை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். வேலைக்குப் போகிறவளுக்கு மறதி வராதா? குப்பியை ஜெனோவாவிடம் கொடுத்துவிட்டு வந்து, வத்தக்குழம்பு வைத்து அப்பளம் பொரித்து, பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டாள்.

"என்ன வல்லி, பசிக்குதா? எனக்கும் நாலு வருஷமா பசிதான்," என்றாள் பெட்டியிடம்.

அடுத்தடுத்த நாட்களில் மினுக்கல் தடுமாறத் தொடங்கியது. ஒரு துடிப்பு வரும், அடுத்தது வருமோ வராதோ என்று இழுக்கும், பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு வரும். தினம் சாயங்காலம் பரிதி பேசினான். முதல் கேள்வியே பெட்டியைப் பற்றித்தான். "நல்லா இருக்காங்க, உங்க வீட்டு மகாராணி" என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டுப் போய் வில்லையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். படலத்தின் ஓரங்கள் வெளுத்திருந்தன. அவளுக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. தன்னிடம் இப்படி ஒரு கொடுமைக்காரி இருப்பாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, ஆனால் அந்தக் கொடுமைக்காரியை வெளியே அனுப்பவும் மனமில்லை.

அப்போதுதான் ஜெனோவா கூப்பிட்டாள். சுடர் உள்ளே வந்ததும் அறைக் கதவைச் சாத்தினாள்.

"உக்காரு சுடர். குப்பியில வேற ஏதாவது கலந்துடுச்சா? உன் விரல் பட்டுச்சா?"

"இல்லக்கா. ஏன்?"

"ரெண்டு தரம் பார்த்துட்டேன். இது வல்லியோட செல் இல்ல. அவளோட பழைய ரத்தத்துளி எங்ககிட்ட அட்டையில காஞ்சு இருக்கு, அதோட ஒட்டவே இல்ல."

சுடர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "அப்ப யாரோடது?"

"ஊருல இருக்கற பட்டியல் பூரா தேட வேண்டிய அவசியமே வரல. எங்க ஆய்வகத்துலயே ஆள் இருந்துச்சு." ஜெனோவா அவள் முகத்தைப் பார்த்தபடி சொன்னாள். "உன்னோடது."

சுடர் சிரித்தாள். ஜெனோவா சிரிக்கவில்லை.

"நீ சேர்ந்த புதுசுல எல்லாரும் தோல் குடுத்தோமே, ஞாபகம் இருக்கா? ஆரோக்கியமானவங்க செல் எப்படி வளருதுன்னு ஒப்பிட்டுப் பார்க்க. குடுத்தவங்களுக்கெல்லாம் எவர்சில்வர் டிபன் கேரியர் குடுத்தாங்க."

"இன்னும் அதுலதான் சாப்பாடு கொண்டாறேன்."

"அப்ப உன் செல்லும் வல்லியோட செல்லும் ஒரே அறையில வளர்ந்துட்டு இருந்துச்சு. இதயமா மாத்தறதுக்கு முந்தின பருவம். பரிதி முதன்முதல்ல கஞ்சி காய்ச்சி எடுத்துட்டு ஓடி வந்தாரு. வல்லிக்கு ஊத்தணும், ஆனா பயம், ஏதாவது ஆயிடுமோன்னு. அதனால முதல்ல பக்கத்துல உன் செல் இருந்த ஃபிளாஸ்க்குல ஊத்தி, உறிஞ்சிப் பார்த்து, கலங்கலையேன்னு உறுதி பண்ணிக்கிட்டாரு. அப்புறம் அதே குழாயை வல்லியோட ஃபிளாஸ்க்குல விட்டாரு. நான் அப்பத்தான் உள்ள வந்தேன். பார்த்துட்டுக் கத்தினேன்."

"ஒரே குழாய்னா என்ன ஆயிடும்?"

"சாம்பார் கரண்டியைத் தயிருல போட்டா என்ன ஆகும்? அவரு செடிக்காரரு சுடர். நாத்துக்குத் தண்ணி விடற மாதிரி ஒரே குழாயால வரிசையா விட்டுப் பழக்கம். எங்க தொழில்ல ஒரு குழாய்க்கு ஒரு ஃபிளாஸ்க்குதான், தெய்வமே வந்தாலும் மாத்தக் கூடாது. அதுல உன் செல் ஒண்ணு ரெண்டு போயிருக்கு. வல்லி செல்லோ நோயாளியோட செல்லு, மெதுவா வளரும். உன்னோடது களை மாதிரி மளமளன்னு வளர்ற ரகம். கொஞ்ச நாள்ல வல்லி ஒண்ணுகூட மிச்சமில்லாம நீதான் நின்னிருக்க. பூதக்கண்ணாடியில பார்த்தா எல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியும். நானும் பார்த்துட்டு, ஒண்ணும் ஆகலன்னு விட்டுட்டேன்."

"வல்லியோட தோல் வேற எங்கயும் இல்லையா?"

"இல்ல. அந்த அட்டையில இருக்கறது காஞ்ச ரத்தம். அடையாளம் பார்க்கலாம், உயிரு வராது. அவ அப்பவே போயிட்டா."

சுடர் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெனோவா தொடர்ந்தாள். "உயிரோட இருக்கறவங்க துடிப்பை வீட்டுல வைக்க அனுமதி கிடையாது. உன் செல்லு, நீ கையெழுத்துப் போட்டா அணைச்சிடலாம், இல்ல எங்ககிட்ட ஆராய்ச்சிக்குக் குடுக்கலாம். பரிதி வர்றவரைக்கும் நான் மேலிடத்துக்கு எதுவும் சொல்லல. அவர்கிட்ட நீயே சொல்லு."

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்பது அவளுக்குச் சரியாக நினைவில்லை. செருப்போடு கூடத்துக்குள் ஓடி, பெட்டியைப் பார்த்தாள். விளக்கு எரிந்தது. வெகுநேரம் கழித்து இன்னொரு முறை எரிந்தது. ஃபிரிட்ஜிலிருந்து கஞ்சியை எடுத்துச் சூடேற்றி, பாதியை அலமாரியில் கொட்டி, மீதியை ஊற்றினாள். தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

பயம் தணிந்ததும், ஜெயித்த களிப்பு வரும் என்று காத்திருந்தாள். வல்லி இல்லை. இத்தனை வருடமும் இருந்ததில்லை. அந்தக் குரல், அந்த 'எழுந்தாச்சாம்மா', அவ்வளவும் வந்து விழுந்தது இவள் இதயத்தின் மேல். ஆனால் களிப்பு வரவில்லை. பழைய எரிச்சலே இன்னும் காந்தலாக மூண்டது. எனக்கு வர வேண்டிய கடிதத்தையெல்லாம் வேறொருத்தி பெயர் எழுதி என் வீட்டுக்கே அனுப்பியிருக்கிறானே என்று குமுறினாள். இதயம் இவளுடையது, அன்பு வல்லிக்கு. செத்தவள் ஒரு சதைத் துணுக்குகூட இல்லாமல் வெறும் பெயரை வைத்துக்கொண்டே ஜெயித்துவிட்டாள்.

சொல்லிவிடலாம். சொன்னால் அவன் முகம் என்ன ஆகும் என்று யோசித்தாள். உன் வல்லியை நீயே அழித்தாய், அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று நீ எடுத்த ஜாக்கிரதையாலேயே அழித்தாய் என்று ஒரு மனிதனிடம் எப்படிச் சொல்வது? அவன் மேல் எத்தனை கோபம் இருந்தாலும் அதை மட்டும் அவளால் செய்ய முடியாது. இரண்டு நாள் யோசித்து ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டாள். கஞ்சி ஊற்ற மறந்தேன், பிழைக்காது போலிருக்கிறது, அணைத்துவிடலாம். பழி தன்னோடு போகட்டும். வல்லி வல்லியாகவே போய்ச் சேரட்டும். இதில் இரக்கம் எவ்வளவு, சக்களத்தியை ஒரேயடியாக அனுப்பிவைக்கிற ஆசை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவள் முயலவில்லை.

பரிதி ஒரு முற்பகலில் வந்தான். தலையெல்லாம் வைக்கோல் தூசி. பையை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, வழக்கம்போல நேராக அலமாரியிடம் போனான். விளக்கு தயங்கித் தயங்கி எரிவதைப் பார்த்து நின்றான்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்," என்று சுடர் தொடங்கினாள். "உங்க வல்லிக்கு நான் கஞ்சி ஊத்தல. மறதியெல்லாம் இல்ல, ஆத்திரத்துலதான் ஊத்தல. இப்ப ஊத்திட்டேன், ஆனாலும் தேறாது போலிருக்கு." மறதி என்றுதான் சொல்ல நினைத்திருந்தாள். உண்மை தானாக முந்திக்கொண்டது.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் வில்லையில் கண்ணை வைத்துப் பார்த்தான். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"உன்னையே பட்டினி போட்டிருக்கியே சுடர்," என்றான்.

பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ஜெனோவா அன்னிக்குக் கத்தினது மனசுலயே இருந்துச்சு. உறுத்திட்டே கெடந்தது. வருஷக்கணக்கா சோதிச்சுப் பார்க்கப் பயந்துட்டு இருந்தேன். ஒருநாள் எங்க நெல்லு ஆய்வகத்துலயே யாருக்கும் தெரியாமப் பார்த்தேன். வல்லி இல்ல, பக்கத்து ஃபிளாஸ்க்குல இருந்த நீதான்னு தெரிஞ்சது. கொள்ளிடம் பாலத்துல வண்டிய நிறுத்திட்டு மழையில நின்னேன். அவ ரெண்டாவது தரம் செத்துட்டா, என் கையாலயே செத்துட்டான்னு அழுதேன். அப்புறம் யோசிச்சேன். இத்தனை வருஷம் தினம் நான் யாரோட பேசிட்டு இருந்தேன்?"

சுடருக்கு அந்த மழை நினைவு வந்தது. வாசலில் சொட்டச் சொட்ட நின்றவன். நீட்டிய கை.

"அன்னிக்குத்தான் என் அறைக்கு வந்தீங்க," என்றாள். "நாடி பார்க்கணும்னு."

அவன் தலையாட்டினான்.

அவளிடம் இருந்தது அந்த ஒரு மத்தியானம்தான். அதுவும் பெட்டியின் சொத்தாகப் போய்விட்டது. "அப்ப என்னைத் தேடி வரல. அதுக்குச் சொந்தக்காரி யாருன்னு பார்க்க வந்தீங்க."

"முதல்ல அதுக்காகத்தான் வந்தேன். பொய் சொல்ல மாட்டேன்," என்றான். "அப்புறம் உனக்காகத்தான் வந்தேன். எப்ப மாறுச்சுன்னு எனக்கே தெரியாது."

"இதை நாலு வருஷத்துல ஒருநாள் சொல்லியிருக்கலாமே?"

"எப்படி ஆரம்பிக்கறது? வல்லியைத் தேடிப் போயி உன்னைக் கட்டிக்கிட்டேன்னு சொன்னா நீ இருந்திருப்பியா? என் வாயால வரல. சட்டம் வந்ததும் குப்பியை உன் கையிலேயே குடுத்தேன். ஜெனோவா சொல்லட்டும்னு."

"நல்ல ஆம்பளை! பொண்டாட்டிகிட்ட சொல்ல வேண்டியதை ஆய்வகம் மூலமா சொல்லியனுப்பற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்." அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. அடுத்த கேள்வியைக் கேட்கக் கூடாது என்று நினைத்தாள். கேட்டாள். "அது நான்னு தெரிஞ்சும் அதுகிட்டத்தானே அந்தக் குரல்ல பேசினீங்க? நான் பத்தடி தள்ளி முழிச்சிட்டுத்தானே படுத்திருந்தேன். என்கிட்ட ஏன் ஒருநாள்கூட அப்படிப் பேசல?"

பரிதி குற்றம் செய்தவன்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நீ பதில் பேசுவ, சுடர். அது பேசாது. நான் என்ன சொன்னாலும் துடிச்சிட்டே இருக்கும்."

இதே வாக்கியத்தை வேறு வேறு வார்த்தைகளில் எத்தனையோ வீடுகளில் அவள் கேட்டு எழுதியிருக்கிறாள். தன் வீட்டில் கேட்டதில்லை.

"அனுப்பிடலாம்," என்றான் அவனாகவே. "நீதான் இருக்கியே. அது எதுக்கு?"

சுடர் கையெழுத்துப் போட்டாள். பரிதியே பெட்டியை மடியில் வைத்து ஜெனோவாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். சுடர் தன் அறிக்கையிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டு, வேறு யாராவது மறுபடி விசாரிக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அலமாரியின் நடுத்தட்டைத் துடைத்துப் புத்தகங்களை ஏற்றினாள். வீட்டில் இனி யாரும் மினுக்குவதில்லை. அவள் நினைத்தது அப்படியே நடந்துவிட்டது.

மறுநாள் காலை, வழக்கமான நேரத்துக்குப் பரிதி எழுந்தான். குழாயில் கை கழுவும் சத்தம் கேட்டது. கூடத்துக்குப் போகும் காலடி, அலமாரி முன்னால் நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். காலடி திரும்பியது. அறைக்குள் வந்தது. கட்டில் ஓரம் அழுந்தியது. அவன் கை ஈரத்தோடு அவள் மணிக்கட்டின் மேல் வந்து உட்கார்ந்தது.

"எழுந்தாச்சாம்மா?" என்றான்.

அதே குரல். தலையணை மறைக்காமல், சுவர் மறைக்காமல், முதன்முறையாக அவள் காதுக்குப் பக்கத்தில். அவள் எழுந்துதான் இருந்தாள். சொல்வதற்கு நான்கு வருடப் பேச்சு நாக்கில் இருந்தது.

"மழை வரும்போல இருக்கு. கேட்டுச்சா?" என்றான் மறுபடியும்.

சுடர் வாயைத் திறக்கவில்லை. பதில் சொன்னால் அந்தக் குரல் போய்விடும் என்று பயமாக இருந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அவன் விரலுக்கடியில் துடித்துக்கொண்டு மட்டும் கிடந்தாள்.